டிராம்போனில் ஸ்கேல் தடுக்கும்போது: எந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது

டிராம்போனில் ஒரு சுரம் தப்பாக வந்தால் பெரும்பாலும் முதல் சந்தேகம் ஸ்லைடின் (இழுத்து நீட்டும் குழாயின்) மேல்தான் விழும். பல சமயம் ஸ்லைடு சரியான இடத்தில்தான் இருக்கும். உதடு வேறெங்கோ போயிருக்கும், இல்லையென்றால் கண் தப்பாகப் படித்திருக்கும். எதையும் திருத்தப் போகும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வந்த சுரம், வரவேண்டிய சுரத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது? அது தெரிந்தாலே தப்பு எங்கே என்பது முக்கால்வாசி பிடிபட்டுவிடும்.

காரணம் கருவியின் அமைப்பு. இதில் சுரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று ஸ்லைடு. மொத்தம் 7 பொசிஷன். வெளியே போகப் போக ஒவ்வொன்றும் அரைச்சுரம் கீழே. மற்றொன்று உதடும் காற்றும். ஸ்லைடை அசைக்காமலே உதட்டின் இறுக்கத்தையும் காற்றின் வேகத்தையும் மாற்றினால் சுரம் படிப்படியாகத் தாவும். இந்தப் படிகளைத்தான் பார்ஷியல் என்கிறோம். ஸ்லைடை உள்ளே இழுத்து 1ஆம் பொசிஷனில் வைத்து ஊதினால், கீழிருந்து மேலாக பி ஃபிளாட், பி ஃபிளாட், எஃப், பி ஃபிளாட், டி, எஃப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட் கிடைக்கும். முதலில் சொன்னது 1ஆம் பார்ஷியல், கடைசியில் சொன்னது 8ஆம் பார்ஷியல். அதற்கு மேலும் உண்டு. ஸ்கேல் படிக்கிறவருக்கு இப்போதைக்கு இது போதும்.

ஆக, ஸ்லைடு தப்பினால் சுரம் கொஞ்சம் நகரும், உதடு தப்பினால் தாவும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

பெயர்க் குழப்பம் வராமலிருக்க ஓர் ஏற்பாடு. இங்கே பேசுவது சாதாரண டெனார் டிராம்போனைப் பற்றி, பாஸ் கிளெஃபில் (எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று சொல்லும், வரியின் தொடக்கக் குறிதான் கிளெஃப்). அதில் கீழிருந்து இரண்டாவது கோட்டில் வருவது கீழ் பி ஃபிளாட். ஐந்து கோடுகளுக்கும் மேலே உடனே உட்காருவது நடு பி ஃபிளாட். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சுரங்களைக் கீழ் சி, கீழ் எஃப் என்றும், நடு பி ஃபிளாட்டுக்கு மேலே மேல் பி ஃபிளாட் வரை உள்ளவற்றை மேல் சி, மேல் டி என்றும், கீழ் பி ஃபிளாட்டுக்கும் அடியில் உள்ளவற்றை அடி எஃப், அடி ஈ என்றும் சொல்கிறேன்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். தப்பான சுரம் வந்ததும் கை தானாகத் திருத்தப் பார்க்கும். விடாதீர்கள். ஸ்லைடை அதே இடத்தில் நிறுத்தி, அது எந்தப் பொசிஷனில் நிற்கிறது என்று பாருங்கள். சரியான பொசிஷனில் நின்றால் உதட்டை விசாரிக்க வேண்டும். வேறிடத்தில் நின்றால் கை மறந்ததா, கண் தப்பாகப் படித்ததா என்று பார்க்க வேண்டும். சட்டென்று திருத்திவிட்டால் தடயம் அழிந்துவிடும்.

எல்லாச் சுரமும் ஒரே அளவு தள்ளி நிற்கிறது

ஸ்கேல் தனியாகக் கேட்டால் அழகாக இருக்கிறது. பியானோவுடன் சேர்ந்தால் ஒத்துப்போகவில்லை. இப்படியென்றால் உதட்டையும் ஸ்லைடையும் விட்டுவிடுங்கள். தப்பு படிப்பதில் இருக்கிறது.

சரியாக ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கிறதா? நீங்கள் டிரெபிள் கிளெஃபில், பித்தளை வாத்தியக் குழுக்களின் முறையில் கற்றவராக இருக்கலாம். அந்த முறையில் 1ஆம் பொசிஷனில் வரும் சுரத்துக்கு சி என்று பெயர், ஆனால் காதில் விழுவது பி ஃபிளாட். பாஸ் கிளெஃபில் அப்படி இல்லை, எழுதியதுதான் ஒலிக்கும். இரண்டு முறையும் சரியே. ஒன்றில் கற்ற பெயரை மற்றதில் கொண்டுபோய் வைத்தால்தான் சிக்கல். ட்யூனர் செயலியிலும் இதே வம்பு உண்டு. அதன் அமைப்பில் பி ஃபிளாட் கருவி என்று தேர்ந்திருந்தால், நீங்கள் பி ஃபிளாட் ஊதும்போது அது சி என்று காட்டும். பாஸ் கிளெஃப் படிப்பவர்கள் அதை சி என்ற அமைப்பிலேயே விட்டுவிட வேண்டும்.

எல்லாம் ஐந்து சுரம் கீழே, அதாவது ஏ வரவேண்டிய இடத்தில் டி வருகிறது என்றால், பக்கத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். அங்கே டெனார் கிளெஃப் இருக்கும். அதில் மேலிருந்து இரண்டாவது கோடு நடு பியானோ சி, நம் கணக்கில் மேல் சி. பாஸ் கிளெஃபில் அதே கோடு கீழ் எஃப். மேல்பகுதி சுரங்களுக்குத் துணைக்கோடுகள் குவியாமலிருக்க, டிராம்போன் இசைத்தாள்களில் நடுவழியிலேயே கிளெஃபை மாற்றிவிடுவார்கள்.

எல்லாமே கொஞ்சம் மட்டும் இறங்கியோ ஏறியோ இருந்தால் ட்யூனிங் ஸ்லைடு வேலை. பெல் (ஒலி வெளிவரும் அகன்ற வாய்) பக்கம் இருக்கும் அந்த வளைவை வெளியே இழுத்தால் எல்லாச் சுரமும் இறங்கும், தள்ளினால் ஏறும். அதைத் தொடும் முன் கருவி சூடாகியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய்க்குள் இருக்கும் காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். அரைச்சுரம் என்பது 100 சென்ட். குளிர்ந்த கருவியை எடுத்தவுடன் ட்யூன் செய்துவிட்டு, கொஞ்ச நேரம் ஊதியபின் எல்லாம் ஏறிவிட்டதே என்று தவிப்பதில் பொருளில்லை.

ஸ்கேலின் நடுவில் ஒரு சுரம் மட்டும் எங்கோ தாவிவிடுகிறது

பி ஃபிளாட் மேஜர் ஸ்கேலைக் கீழ் பி ஃபிளாட்டில் தொடங்குகிறீர்கள். பொசிஷன்கள் வரிசையாக 1, 6, 4, 3, 1, 4, 2, 1. இரண்டாவது சுரத்திலேயே, அதாவது 6ஆம் பொசிஷனில் கீழ் சி வரவேண்டிய இடத்தில், எஃப் வந்து நிற்கிறது. புதிதாகக் கற்பவர்களிடம் இதைவிட அதிகமாகக் கேட்கும் பிழை இல்லை என்றே சொல்வேன்.

6ஆம் பொசிஷனில் அசையாமல் நின்றால் கிடைப்பவை அடி எஃப், கீழ் சி, கீழ் எஃப், கீழ் ஏ, மேல் சி. கீழ் சி வேண்டும்போது அதற்கு மேலுள்ள எஃப் கேட்டால், உதடு ஒரு படி கூடுதலாக இறுகிவிட்டது. கீழுள்ள எஃப் கேட்டால் ஒரு படி தளர்ந்துவிட்டது. தவறி வந்த சுரத்தின் பெயர் தெரிந்தால் உதடு எந்தப் பக்கம் சரிந்தது என்பதும் தெரிகிறது. தப்பாக வந்த சுரம் எது என்று பெயர் சொல்லப் பழகாமல் வெறுமனே "ஐயோ, தப்பு" என்று மறுபடி ஊதிக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை.

ஏன் இந்த இடத்தில் இப்படி ஆகிறது? கை 1இலிருந்து 6க்கு நீட்டும்போது உடம்பும் சேர்ந்து முன்னே போகிறது, மவுத்பீஸ் உதட்டில் அழுந்துகிறது, அல்லது தோள் இழுபட்டு மவுத்பீஸ் விலகுகிறது. அழுந்தினால் மேலே தாவும், விலகினால் கீழே விழும். இடது கைதான் கருவியைத் தாங்க வேண்டும். வலது கைக்கு ஸ்லைடை நகர்த்துவது மட்டுமே வேலை. விரல் நுனிகளால் பிடித்தால் போதும். ஸ்லைடை ஆட்டும்போது மவுத்பீஸ் முகத்தில் ஆடாமல் இருக்கிறதா என்று கண்ணாடி முன் நின்று பாருங்கள். பெரும்பாலும் ஆடும்.

அப்புறம், பாடிப் பாருங்கள். முதல் இரண்டு சுரங்களை வாயால் பாட முடியாவிட்டால் உதடு எதைக் குறிவைக்கும்? பாடியபின் மவுத்பீஸை மட்டும் கழற்றி அதில் அதே இரண்டு சுரங்களை உதட்டை அதிரவைத்து எழுப்புங்கள். மூன்றாவதாகத்தான் கருவி. இந்த வரிசையில் எங்கே அறுந்துபோகிறதோ அங்கேதான் கோளாறு.

உதட்டுக்குத் தனிப்பயிற்சி வேண்டுமென்றால் 6ஆம் பொசிஷனிலேயே நின்று அடி எஃப், கீழ் சி, கீழ் எஃப் என்று ஏறி இறங்குங்கள். நாக்கைப் பயன்படுத்தாமல், காற்றை அறுக்காமல். 1ஆம் பொசிஷனில் இதைச் செய்ய எல்லோருக்கும் வரும். நீட்டிய கையோடு செய்யும்போதுதான் உண்மை வெளிவரும்.

இப்போது நான் சொன்ன அந்த விதிவிலக்கு. பார்ஷியல்கள் மேலே போகப் போக நெருங்கிவிடும். கீழே எட்டு, ஐந்து, நான்கு சுரம் என்று இருந்த இடைவெளி, மேல் ஏ ஃபிளாட்டுக்கும் மேல் பி ஃபிளாட்டுக்கும் நடுவே வெறும் ஒரு முழுச்சுரம். அதனால் மேல் எஃப்பைத் தாண்டியபின் "சிறிய தப்பு என்றால் ஸ்லைடு" என்ற கணக்கை நம்ப முடியாது. அங்கே உதடு ஒரு படி வழுக்கினாலும் தப்பு சிறியதாகத்தான் கேட்கும். ஸ்லைடை நிறுத்திப் பார்க்கும் சோதனை இங்கேதான் மிகவும் பயன்படும்.

ஒரு சுரம் மட்டும் அரைச்சுரம் தப்பு, மற்றதெல்லாம் சரி

ஸ்லைடு ஒரு பொசிஷன் பிசகியிருக்கிறது. கை தானாகப் பிசகவில்லை, கண் சொன்னதைக் கேட்டிருக்கிறது. கீ சிக்னேச்சரை, அதாவது வரியின் தொடக்கத்தில் உள்ள ஷார்ப் அல்லது ஃபிளாட் குறிகளைப் பாருங்கள். ஃபிளாட்கள் எப்போதும் பி, ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப் என்ற வரிசையில் சேரும். ஷார்ப்கள் அப்படியே தலைகீழாக: எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி. இரண்டு ஃபிளாட் போட்டிருந்தால் அவை பி-யும் ஈ-யும்தான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

பி ஃபிளாட் மேஜரில் அடிக்கடி மாட்டுவது ஈ. ஈ ஃபிளாட் 3இல், ஈ நேச்சுரல் 2இல். கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் இந்த ஜோடிக்கு அதே எண்கள்தான் என்பதால் ஒருமுறை கை பழகிவிட்டால் தொல்லை விட்டது. எல்லாச் சுரமும் இப்படித் தாராளமானவை அல்ல. கீழ் சி 6இல், மேல் சி 3இல். கீழ் டி 4இல், மேல் டி 1இல். "சி என்றால் 6" என்று மனப்பாடம் செய்தவர் இரண்டாவது ஸ்தாயியில் தடுமாறுவது இதனால்தான். சுரத்தின் பெயரோடு பொசிஷனை ஒட்டிவைக்காமல், கோட்டில் அது உட்கார்ந்திருக்கும் இடத்தோடு ஒட்டிவையுங்கள்.

ஒரே தாளக்கட்டில் முதல் முறை சரியாக வந்த சுரம் இரண்டாம் முறை தப்புகிறது என்றால், நடுவில் வந்த ஷார்ப் அல்லது ஃபிளாட் குறியை மறந்திருக்கிறீர்கள். அந்தக் குறி தாளக்கட்டை முடிக்கும் கட்டுக்கோடு வரும்வரை செல்லும், ஆனால் எழுதிய ஸ்தாயிக்கு மட்டும்.

காகிதம் இல்லாமல் காதால் ஸ்கேல் அமைக்கும்போதும் இதே அரைச்சுரப் பிழை வரும். மேஜர் ஸ்கேலின் இடைவெளிகள்: முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. ஒரே பார்ஷியலுக்குள் முழுச்சுரம் ஏற ஸ்லைடு இரண்டு பொசிஷன் உள்ளே வரும், அரைச்சுரத்துக்கு ஒன்று. இதை அச்சடித்தது போலக் காட்டுவது எஃப் மேஜர். அடி எஃப்பில் தொடங்கினால் 6, 4, 2, 1. பார்ஷியல் மாறி மறுபடி 6, 4, 2, 1. எட்டுச் சுரமும் முடிந்தது. கீழ் எஃப்பை 1இல் மட்டுமல்ல, 6இலும் ஊதலாம் என்பதால், அங்கிருந்து எஃப், ஜி, ஏ, பி ஃபிளாட் என மூன்றாம் முறையும் அதே 6, 4, 2, 1 வரும். மேஜர் ஸ்கேல் என்பது ஒரே வடிவமுள்ள இரண்டு நான்குசுரத் துண்டுகள் என்பதைக் கையே புரிந்துகொள்கிற இடம் இது. முதலில் பி ஃபிளாட் மேஜரைக் கற்றுத்தருவதுதான் வழக்கம். ஸ்கேல் என்றால் என்ன என்று புரியவைக்க எஃப் மேஜர்தான் தோது என்பது என் எண்ணம்.

சுரம் சரிதான், ஆனால் சுருதி சேரவில்லை

தள்ளியிருப்பது அரைச்சுரத்துக்கும் குறைவு. நல்ல வாசிப்பாளர்களையும் விடாத பகுதி இது. இங்கே மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும்.

முதலாவது, பொசிஷன்களின் இடைவெளி சமமானது என்ற நினைப்பு. டெனார் டிராம்போனின் குழாய் ஏறக்குறைய 2.7 மீட்டர். ஒவ்வொரு அரைச்சுரம் இறங்கவும் அப்போதிருக்கும் மொத்த நீளத்தில் சுமார் 6 சதவீதம் கூட வேண்டும். ஸ்லைடில் இரண்டு குழாய்கள் இருப்பதால் கை அதில் பாதி நகர்ந்தால் போதும். கணக்குப் போட்டால் 1இலிருந்து 2 சுமார் 8 செ.மீ., 3 சுமார் 16.5, 4 சுமார் 25.5, 5 சுமார் 35, 6 சுமார் 45, 7 சுமார் 56 செ.மீ. தூரத்தில் வரும். கடைசி இடைவெளி மட்டும் ஏறக்குறைய 11 செ.மீ. கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும், ஆனால் இடைவெளி விரிந்துகொண்டே போவது மாறாது. முதல் 8 செ.மீ.யையே எல்லா இடத்திலும் பிரதி எடுத்தால் 7ஆம் பொசிஷன் 48 செ.மீ.யில் நின்றுவிடும், சுரம் முக்கால் பங்கு அரைச்சுரம் ஏறிக் கேட்கும். மாறாக, 56ஐ ஆறு சம பங்காகப் பிரித்தால் 4ஆம் பொசிஷன் 2.5 செ.மீ. வெளியே போய், சுமார் 25 சென்ட் இறங்கும். இதிலிருந்து ஒரு தடயம்: 6உம் 7உம் ஏறி ஒலித்தால் கை முழுதாக நீளவில்லை. 3உம் 4உம் இறங்கி ஒலித்தால் சமப் பங்கு போட்டிருக்கிறீர்கள்.

பெல்லின் விளிம்பை அடையாளமாக வைத்து, அதற்குச் சற்று முன்னால் 3, சற்றுத் தாண்டி 4 என்று சொல்லித்தருவது வழக்கம். தொடங்குவதற்குப் பரவாயில்லை. ஸ்லைடில் கோடு போட்டு வைப்பதையோ, ஒவ்வொரு முறையும் பெல்லை விரலால் தொட்டுப் பார்ப்பதையோ நான் சொல்லமாட்டேன். இரண்டாவது காரணத்தைப் படித்தால் ஏன் என்பது தெரியும்.

அதாவது, பொசிஷன் என்பது ஒரு புள்ளி அல்ல. பார்ஷியலைப் பொறுத்து அது நகரும். 5ஆம் பார்ஷியல் இயல்பாகவே சுமார் 14 சென்ட் இறங்கியிருக்கும். 1இல் வரும் மேல் டி, 2இல் வரும் மேல் சி ஷார்ப், 3இல் வரும் மேல் சி எல்லாம் இந்தக் குடும்பம். சி ஷார்ப்புக்கும் சி-க்கும் ஸ்லைடை ஒரு சென்டிமீட்டர் அளவு உள்ளே இழுத்தால் சரியாகிவிடும். மேல் டி-க்கு என்ன செய்வது? ஸ்லைடு ஏற்கெனவே முட்டி நிற்கிறதே! அதனால்தான் அனுபவசாலிகள் கருவியை ட்யூன் செய்யும்போதே, மற்ற சுரங்களுக்கு 1ஆம் பொசிஷன் ஒரு சென்டிமீட்டர் வெளியே இருக்கும்படி வைத்துக்கொள்கிறார்கள். டி வரும்போது அந்த இடம் கைகொடுக்கும். டி-யை 4ஆம் பொசிஷனில் 6ஆம் பார்ஷியலாக ஊதுவது இன்னொரு வழி. பல கருவிகளில் 6ஆம் பார்ஷியல் சற்று ஏறியே நிற்கும் என்பதால் அங்கே ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே விட வேண்டியிருக்கும்.

7ஆம் பார்ஷியல் இன்னும் மோசம், 31 சென்ட் இறக்கம். 1இல் வரும் ஏ ஃபிளாட்டை யாரும் பயன்படுத்துவதில்லை. மேல் ஏ ஃபிளாட்டுக்கு 3ஆம் பொசிஷன்தான். 2இல் வரும் மேல் ஜி-யை மட்டும் விட மனமில்லாமல், ஸ்லைடை ஏறக்குறைய 2.5 செ.மீ. உள்ளே இழுத்து ஊதுவார்கள். வழக்கமான 2இல் நின்று ஊதிவிட்டு, மேல் ஜி மட்டும் சோகமாக ஒலிக்கிறதே என்று கேட்பவர்களுக்கு பதில் இதுதான். 4ஆம் பொசிஷனிலும் அந்த ஜி உண்டு, அது 8ஆம் பார்ஷியல், சுருதி சுத்தம்.

மூன்றாவது காரணம் ட்யூனர் முள்ளையே வேதமாக எடுத்துக்கொள்வது. பி ஃபிளாட் மேஜர் கார்டை (பி ஃபிளாட், டி, எஃப் சேர்ந்து ஒலிப்பது) மூன்று பேர் பிடிக்கிறீர்கள், உங்கள் பங்கு டி என்று வையுங்கள். கார்டு அதிர்வில்லாமல் சேர, அந்த மூன்றாம் சுரம் ட்யூனர் காட்டும் நடுப்புள்ளியைவிட 14 சென்ட் கீழே இருக்க வேண்டும். 5ஆம் பார்ஷியலின் இயற்கையான இறக்கமும் அதே 14தான். அதாவது முள் "இறங்கியிருக்கிறது" என்று குற்றம் சொல்லும் அந்த டி, கார்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தும். அதே டி-யில் டி மைனர் ஸ்கேல் தொடங்கினால் ஏற்றித்தான் ஆக வேண்டும். தனியாகப் பழகும்போது முள்ளைப் பார்ப்பதைவிட, செயலியில் ஒரு பி ஃபிளாட்டை நிற்காமல் ஒலிக்கவிட்டு அதன்மேல் ஸ்கேலை மெதுவாக ஊதுங்கள். சேராதபோது ஒலி துடிக்கும், சேரும்போது துடிப்பு அடங்கும்.

ஏறும்போது சரி, இறங்கும்போது தப்பு

மைனர் ஸ்கேலா என்று பாருங்கள். மெலடிக் மைனர் ஏறும்போது ஆறாவது, ஏழாவது சுரங்கள் அரைச்சுரம் உயரும். இறங்கும்போது பழைய இடத்துக்கு வரும். கீழ் சி-யில் தொடங்கும் சி மைனரில் ஏற்றத்தின் கடைசி மூன்று சுரங்கள் ஏ, பி, சி. பொசிஷன் 2, 4, 3. இறக்கத்தில் சி, பி ஃபிளாட், ஏ ஃபிளாட். பொசிஷன் 3, 1, 3. கை வேறு பாதையில் திரும்பி வர வேண்டும். ஏறிய வழியிலேயே இறங்கிப் பழகிய கைக்கு இது புதிது.

மேஜரிலும் இறக்கம் கெடுகிறது என்றால் காற்றுதான். ஏறும்போது உழைத்துவிட்டு, இறங்கும்போது ஓய்வு என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. மூச்சை உச்சியில் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சுரங்கள் தெரியும், வேகம் கூட்டினால் சிக்கிக்கொள்கிறது

எங்கே சிக்குகிறது என்று பொசிஷன் எண்களை எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜி மேஜரை அடி ஜி-யில் தொடங்கினால் 4, 2, 7, 6, 4, 2, 5, 4. இரண்டாவது தாவலைப் பாருங்கள்: 2இலிருந்து 7, கிட்டத்தட்ட அரை மீட்டர். வேகமாக ஊதும்போது இந்த இடத்தில் தடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எஃப் அட்டாச்மென்ட் (டிரிக்கரை அழுத்தினால் சேரும் கூடுதல் குழாய்) உள்ள கருவியென்றால் அந்த பி நேச்சுரலைக் கட்டைவிரல் டிரிக்கரோடு 2ஐச் சற்றுத் தாண்டி எடுக்கலாம். கீழ் சி-யை டிரிக்கரோடு 1இல் எடுக்கலாம். டிரிக்கர் இல்லாதவர்களும், கை எட்டாத சிறுவர்களும் 7க்குப் போகும்போது தோளையும் சேர்த்து முன்னே விட்டு, ஸ்லைடை விரல் நுனியில் பிடித்துப் பழக வேண்டும். குறுக்குவழி இல்லை.

மற்ற இடங்களில் மாற்றுப் பொசிஷன் உதவும். கீழ் சி-க்கும் கீழ் எஃப்புக்கும் மாறி மாறிப் போகிற வரியில் எஃப்பை 6இலேயே எடுத்தால் ஸ்லைடு நகரவே வேண்டாம். மேல் டி, மேல் சி, நடு பி ஃபிளாட் என்று இறங்கும் வரியில் 1, 3, 5 என்று ஒரே திசையில் போகலாம், பி ஃபிளாட் 5லும் இருக்கிறது. இப்படிச் செய்தால் மூன்றும் 5ஆம் பார்ஷியல். மூன்றையுமே சற்று உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஸ்லைடு தேவையில்லாமல் திசை மாறும் இடங்களைத் தேடி அங்கு மட்டும் மாற்றை முயன்று பார்ப்பது மேல்.

ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு இழுபடுகிறது

ஒரே பார்ஷியலுக்குள் ஸ்லைடு நகரும்போது காற்று ஓடிக்கொண்டிருந்தால் நடுவிலுள்ள எல்லாச் சுருதியும் கேட்கும். கிளிஸாண்டோ வேண்டுமென்றால் அதுதான் அழகு. ஸ்கேலில் அது அசிங்கம். பலர் இதற்குக் காற்றை நிறுத்திவிடுகிறார்கள். இழுவை போகும், ஸ்கேலும் துண்டு துண்டாகிவிடும். காற்று ஓடட்டும். மாறும் நொடியில் நாக்கு "ட" என்று மென்மையாகத் தொட்டால் போதும். கூடவே, மெதுவான ஸ்கேலிலும் ஸ்லைடு வேகமாகத்தான் நகர வேண்டும். சுரத்தின் முழு நேரத்துக்கும் நின்றுவிட்டு, கடைசி கணத்தில் சட்டென்று போங்கள்.

பார்ஷியல் மாறும் இடத்தில் நாக்கு இல்லாமலே சுரம் தெளிவாகப் பிரியும். எஃப் மேஜரில் பி ஃபிளாட்டிலிருந்து சி-க்கு, 1இலிருந்து 6க்குப் போகும்போது ஸ்லைடு வெளியே போகிறது, சுரமோ மேலே ஏறுகிறது. திசைகள் இப்படி எதிரெதிராக இருந்தால் பார்ஷியல் மாறுகிறது என்று அர்த்தம். ஆனாலும் ஸ்கேல் முழுக்க ஒரே மாதிரி ஒலிக்க அங்கேயும் அதே மென்மையான நாக்கைப் பயன்படுத்துவது என் பரிந்துரை. ஸ்லைடே உராய்ந்து தயங்கினால் எந்த நாக்கும் காப்பாற்றாது. துடைத்து, கிரீம் போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கீழே சில சுரங்கள் வரவே மாட்டேன் என்கின்றன

ஈ ஃபிளாட் மேஜரை ஓர் ஸ்தாயி கீழே தொடங்கப் பார்த்தால் முதல் சுரமே கிடைக்காது. உங்கள் தப்பு இல்லை. டிரிக்கர் இல்லாத டெனார் டிராம்போனில் 2ஆம் பார்ஷியல் 7ஆம் பொசிஷனில் முடிகிறது, அது அடி ஈ. 1ஆம் பார்ஷியல், அதாவது பெடல் பி ஃபிளாட், அதற்கு மூன்று முழுச்சுரம் கீழேதான் தொடங்குகிறது. இடையில் உள்ள ஈ ஃபிளாட், டி, டி ஃபிளாட், சி, பி ஆகிய ஐந்துக்கும் பொசிஷனே கிடையாது.

எஃப் அட்டாச்மென்ட் இந்தப் பள்ளத்தை நிரப்ப வந்ததுதான். டிரிக்கரை அழுத்தினால் கூடுதல் குழாய் சேர்ந்து 1ஆம் பொசிஷனில் அடி எஃப் வரும். குழாய் நீண்டுவிட்டதால் பொசிஷன் இடைவெளியும் விரியும்; ஏழுக்குப் பதில் ஆறுதான் ஸ்லைடில் கொள்ளும். டிரிக்கரோடு வழக்கமான 3இல் நின்று ஈ ஃபிளாட் எதிர்பார்த்தால் ஏறித்தான் ஒலிக்கும், இன்னும் வெளியே விட வேண்டும். சி-க்கு ஸ்லைடு கிட்டத்தட்ட முழுதும் நீண்டுவிடும். அதற்கும் கீழுள்ள பி நேச்சுரல் ஒரே டிரிக்கரில் எட்டாது. அதற்காகத்தான் பாஸ் டிராம்போன்களில் இரண்டாவது வால்வு வைக்கிறார்கள்.